நரம்பை எடுத்த பல் ஏன் வலிக்கிறது?

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு வயது 47. திருமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையாகி இரவெல்லாம் தூங்கவிடாமல் வலித்ததால், நான்கு மாதங்களுக்கு முன் மதுரையில் ஒரு கிளினிக்கில் வேர் சிகிச்சை செய்துகொண்டேன். பழைய வலி போய்விட்டது. ஆனால் வேறு வலி வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தப் பக்கம் மென்றால் சுருக்கென்கிறது. மாலையானால் தாடை கனத்து, காதுவரை இழுக்கிறது. மறுபடி எக்ஸ்ரே எடுத்துவிட்டு "எல்லாம் சரியாக இருக்கிறது" என்கிறார்கள். இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தும் கேட்கவில்லை. வலி நிற்காமல் கேப் போட்டால் பணம் வீண் என்று போடாமல் இருக்கிறேன். தற்காலிகமாக அடைத்ததும் பாதி பெயர்ந்துவிட்டது. மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கித் தினமும் போடுகிறேன். ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். நரம்பை எடுத்த பிறகு எப்படி வலிக்கும், எல்லாம் உன் மனப்பிரமை என்கிறார் வீட்டுக்காரர். பேசாமல் பிடுங்கிப் போடு என்கிறார் நாத்தனார். தீபாவளித் தையல் குவிவதற்குள் பிடுங்கிவிடலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. நரம்பை எடுத்த பல்லும் வலிக்கும். வேர் சிகிச்சையில் நாங்கள் எடுப்பது வேரின் நடுவே ஓடும் கூழையும் அதற்குள் இருக்கும் நரம்பையும் மட்டும்தான். பல்லைத் தாடை எலும்போடு பிணைத்திருக்கும் மெல்லிய சவ்வு அப்படியே இருக்கிறது. கால் மில்லிமீட்டர் அளவே தடிமன் உள்ள அந்தச் சவ்வு, கயிற்றுக் கட்டிலில் கயிறு தாங்குவதுபோலப் பல்லைத் தாங்குகிறது; அதில் நரம்பு முனைகள் நிறைய உண்டு. சோற்றில் சிறு கல் கடிபட்டதும் வாய் சட்டென்று நின்றுவிடுகிறதே, சேதி சொன்னது இந்தச் சவ்வுதான். அது நசுங்கினாலும் கிருமி தொட்டாலும் வலிக்கும். ஈறுக்கும் எலும்புக்கும் வேறு நரம்புகள் இருக்கின்றன. ஆகவே மனப்பிரமை என்ற பேச்சை வீட்டில் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

வேர் சிகிச்சை முடிந்த பிறகு மூன்று நான்கு நாட்கள், சிலருக்கு ஒரு வாரம் பத்து நாட்கள், கடித்தால் வலிப்பது வழக்கம். அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். நான்கு மாதம் என்பது அந்தக் கணக்கில் வராது. காரணம் தேடித்தான் ஆக வேண்டும். அதே சமயம் நீங்கள் தனி ஆளும் அல்ல. வேர் சிகிச்சை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேருக்கு ஆறு மாதம் கழித்தும் ஏதோ ஒரு வகை வலி இருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அவர்களில் பாதிப் பேருக்கு மேல் வலியின் மூலம் அந்தப் பல்லிலேயே இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது எனக்குத் தோன்றியது இது: நீங்கள் ஒரு வலியைப் பற்றி எழுதவில்லை, இரண்டு வலிகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மென்றால் சுருக்கென்பது ஒன்று. மெல்லாமல் இருக்கும்போதே மாலையில் தாடை கனத்துக் காதுக்கு இழுப்பது மற்றொன்று. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனதால்தான் எக்ஸ்ரேயில் பதில் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

முதல் வலியைப் பார்ப்போம். மென்றால் மட்டும் ஒரு பல் சுருக்கென்றால், காரணம் அந்தப் பல்லிலோ பக்கத்துப் பல்லிலோ இருக்க வாய்ப்பு அதிகம். எளிய காரணம், அடைப்பு ஓர் இழை உயரமாக இருப்பது. வாயை மூடும்போது மற்ற பற்களுக்கு முன்னால் அந்தப் பல் மேல்பல்லில் முட்டும். நாளெல்லாம் முட்டினால் சவ்வு வீங்காமல் என்ன செய்யும்? நீலத்தாளைப் பற்களுக்கிடையே வைத்துக் கடிக்கச் சொன்னால், உயரமான இடத்தில் மை அழுத்தமாகப் பதியும். அதைச் சற்றே தேய்த்துவிட்டால் போதும். ஐந்து நிமிட வேலை. உங்கள் அடைப்பில் பாதி பெயர்ந்திருப்பதால் மீதி எப்படி நிற்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அடைப்பு பெயர்ந்தது பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கோ அதுதான் பெரிய கவலை. தற்காலிக அடைப்பு சில வாரங்கள் தாங்குவதற்குத்தான். அதன் ஓரமாக எச்சில் உள்ளே கசிந்தால் சுத்தம் செய்த வேருக்குள் கிருமிகள் மறுபடி குடியேறும். போதாததற்கு, உள்ளே குடைந்த கடைவாய்ப் பல்லின் சுவர்கள் பலவீனமாக இருக்கும். மேலே கேப் என்ற கவசம் இல்லாமல் அந்தப் பல்லால் முறுக்கும் நல்லி எலும்பும் கடித்தால் விரிசல் விடும். வலி நின்ற பிறகு கேப் என்று நீங்கள் காத்திருந்தது புரிகிறது. ஆனால் நிரந்தர அடைப்புக்கு அப்படிக் காத்திருக்கக் கூடாது. இந்த வாரமே போய் அதையாவது போட்டுக்கொள்ளுங்கள். வலிக்குக் காரணம் தெரியும்வரை கேப்பைத் தள்ளிப்போடலாம். அதுவரை பல்லைச் சற்றுத் தாழ்த்தி, மேல்பல்லோடு முட்டாதபடி செய்து வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த சந்தேகம், விட்டுப்போன கால்வாய். வேருக்குள் கூழ் ஓடும் மெல்லிய குழாயைத்தான் கால்வாய் என்கிறோம்; அதில் ஒன்று சுத்தம் செய்யப்படாமல் விடுபட்டிருக்கலாம். கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லில் பொதுவாக மூன்று கால்வாய்கள் இருக்கும். பலருக்கு நான்காவதும் உண்டு, அதுவும் மற்றொரு கால்வாயின் பின்னாலேயே ஒளிந்திருக்கும். எக்ஸ்ரே என்பது ஒரு பக்கத்திலிருந்து எடுத்த நிழல். ஒன்றின் பின்னால் ஒன்று நின்றால் ஒன்றாகத்தான் தெரியும். இதை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். வேர் சிகிச்சை செய்த பல்லுக்குச் சூடும் குளிர்ச்சியும் தெரியக் கூடாது. ஜிகர்தண்டா குடிக்கும்போதோ, சூடான காபி படும்போதோ அந்த இடத்தில் வலி எழுந்து சில நிமிடம் நின்றால், ஒரு கால்வாயில் இன்னும் உயிர் இருக்கலாம், அல்லது வலிப்பது பக்கத்துப் பல்லாக இருக்கலாம். பக்கத்துப் பல்லை மறந்துவிட்டுச் சிகிச்சை செய்த பல்லையே எல்லோரும் முறைத்துக்கொண்டிருப்பது நாங்கள் அடிக்கடி பார்க்கும் காட்சி.

மூன்றாவது விரிசல். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது. அதைத் தேடும் முறை பார்ப்பதற்கு மிகச் சாதாரணமாக இருக்கும். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய உலோகக் குச்சி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே மெதுவாக இறக்கி, பல்லைச் சுற்றிக்கொண்டே வருவோம். 2, 3, 2, 3 என்று போய்க்கொண்டிருக்கும் அளவு, ஒரே ஓர் இடத்தில் மட்டும் 7 அல்லது 8 என்று திடீரென இறங்கினால் வேர் நெடுக்காகப் பிளந்திருக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அந்த இடத்து ஈறில் சிறு பரு தோன்றித் தோன்றி மறைவதும் உண்டு. வேர் நெடுக்காகப் பிளந்த கடைவாய்ப் பல்லைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இயலாது. அந்த நிலையில் பிடுங்குவதே சரி. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

இந்தச் சோதனைகள் எல்லாம் உங்களுக்குச் செய்யப்பட்டனவா என்று கடிதத்திலிருந்து தெரியவில்லை. எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்றால், எக்ஸ்ரேயில் தெரியக்கூடியவை சரியாக இருக்கின்றன என்றுதான் பொருள். அதற்காக அந்த மருத்துவர்மீது கோபப்பட வேண்டாம். முதலில் அவரிடமே போங்கள். சிகிச்சைக்கு முன், நடுவில், முடிந்தபின் எடுத்த மூன்று எக்ஸ்ரேக்களையும் கேட்டு வாங்குங்கள். அடைப்பின் உயரம் பார்த்தீர்களா, பக்கத்துப் பற்களைக் குளிர் வைத்துப் பார்த்தீர்களா, ஈறின் ஆழம் அளந்தீர்களா, நான்காவது கால்வாய் இருக்கிறதா என்று பணிவாகக் கேட்கலாம். நல்ல மருத்துவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். விடை கிடைக்காவிட்டால், வேர் சிகிச்சையில் எம்.டி.எஸ். படித்த நிபுணர் ஒருவரைப் பாருங்கள். தேவைப்பட்டால் அந்தப் பகுதிக்கு மட்டும் சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்வார். ஒளிந்த கால்வாய் அதில் தெரியும். செலவு பயமுறுத்தினால் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். மதுரை கிழக்கு வெளி வீதியில் சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரிகளில் வேர் சிகிச்சைக்கென்றே தனித் துறை உண்டு, பேராசிரியர்கள் மேற்பார்வையில் பார்ப்பார்கள், பொதுவாகக் கட்டணமும் குறைவு. காத்திருக்க மட்டும் நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

இனி இரண்டாவது வலி. இதற்கு உங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நூலைக் கத்தரிக்கு எட்டவில்லையென்றால் எதால் அறுக்கிறீர்கள்? குண்டூசிகளை எங்கே கவ்விக்கொள்கிறீர்கள்? கழுத்தைக் குனிந்து, ரவிக்கைக் கழுத்தின் வளைவைக் கண்ணெடுக்காமல் தைக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் இறுகக் கடித்தபடி இருக்கின்றனவா? பெரும்பாலான தையல்காரர்கள் இந்தக் கேள்விக்குச் சிரித்துவிடுவார்கள். இப்போது வலது கை விரல்களை இடது கன்னத்தில், தாடை மூலைக்குச் சற்று மேலே வைத்துப் பல்லைக் கடியுங்கள். உருண்டு எழும்புகிறதல்லவா, அதுதான் மெல்லும் தசை. பல்லைத் தளர்த்திக்கொண்டு அந்தத் தசையை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் உங்கள் "பல்வலி" அப்படியே எழுந்தால், காதுக்கும் இழுத்தால், மாலை வலியின் முகவரி கிடைத்துவிட்டது. அந்தத் தசை களைத்தால் வலியைக் கீழ்க் கடைவாய்ப் பல்லிலும் காதிலும்தான் காட்டும். சிகிச்சையின்போது வாயை அகலத் திறந்து வைத்திருந்ததில் தசை பிடித்துக்கொண்டதும், வலிக்குப் பயந்து ஒரே பக்கமாக மென்றதும் சேர்ந்திருக்கலாம்.

இதற்கு மருந்தைவிடப் பழக்கம்தான் வேலை செய்யும். உண்ணும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே தேவையில்லை. உதடு மூடியிருக்கட்டும், பற்கள் பிரிந்திருக்கட்டும், நாக்கு மேல்வாயில் இளைப்பாறட்டும். மிஷினில் கண்ணில் படும் இடத்தில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கும்போதெல்லாம் தாடையைத் தளர்த்த வேண்டும். நூலுக்குக் கத்தரி, குண்டூசிக்குப் பஞ்சுப் பொதி. காலையும் மாலையும் பத்துப் பதினைந்து நிமிடம் வெதுவெதுப்பான ஈரத்துணி ஒத்தடம், பிறகு விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்துவிடுதல். கன்னம் வீங்கிச் சிவந்திருந்தால் மட்டும் சூட்டு ஒத்தடம் கூடவே கூடாது; அது தசை வலி அல்ல, சீழ். இரவில் பல்லை நறநறவென்று கடிக்கிறீர்களா என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள், பிரமையைக் கண்டுபிடித்தவர் இதையும் கவனித்திருப்பார். ஆம் என்றால், அளவெடுத்துச் செய்த இரவுக் கவசம் உதவும்.

பல்லும் தசையும் இரண்டுமே சுத்தம் என்று முடிவானால் மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. கிருமியும் இல்லை, விரிசலும் இல்லை. நீண்ட நாள் வலித்த இடத்தின் நரம்பு, வலிக்குக் காரணம் போன பிறகும் ஓயாமல் இருக்கும். சிகிச்சைக்கு முன்பே நெடுநாள் வலியோடு இருந்தவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். மெல்லிய எரிச்சலோ கனமோ பெரும்பாலான நேரம் இருந்துகொண்டே இருக்கும். மரத்துப்போகும் ஊசி போட்டாலும் முழுதாகப் போகாது. முகம் கழுவும்போதோ காற்று பட்டாலோ மின்சாரம் பாய்ந்ததுபோல் சில நொடிகள் வெட்டிவிட்டு மறைவது இன்னொரு நரம்பு நோய். அதற்கு நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதலில் சொன்ன ஓயாத நரம்பு வலிக்குத் தரும் மாத்திரைகளில் ஒன்று அமிட்ரிப்டிலின், குறைந்த அளவில் இரவில் சாப்பிடுவது. இதை மருந்துக் கடையில் நீட்டியதும் "இது மனநோய் மாத்திரை ஆச்சே" என்று யாராவது சொல்வார்கள், நோயாளியும் வழியிலேயே எறிந்துவிடுவார். அதே மருந்து குறைந்த அளவில் நரம்பு வலியை அடக்குகிறது, அதனால்தான் தருகிறோம். இந்த வகை வலிக்குப் பல்லைப் பிடுங்கினால் வலி பக்கத்துப் பல்லுக்கு நகரக்கூடும், அதையும் பிடுங்கினால் அடுத்ததற்கு. இப்படி வரிசையாகப் பற்களை இழந்த பிறகும் அதே வலியோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் மூலம் தெரியாமல் பிடுங்குவதை இவ்வளவு எதிர்க்கிறேன்.

இப்போது மாத்திரை. கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் பெயர் கேட்காமல் தரும் வலி மாத்திரைகளில் பல, டைக்ளோபினாக் அல்லது அசிக்ளோபினாக்கோடு பாராசிட்டமாலும் கலந்தவை. தினமும் போட்டால் வயிற்றில் புண், சிறுநீரகத்தில் பாதிப்பு. உங்களைப் போன்றவர்களுக்கு ரத்தக் கொதிப்பும் ஏறும், அதற்கான மாத்திரையின் வேலையும் கெடும். இன்றே நிறுத்துங்கள். அவசியமானால் பாராசிட்டமால் 650 மட்டும், ஆறு மணி நேர இடைவெளி விட்டு, ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் போகாமல். கல்லீரல் கோளாறு இருந்தால் அதுவும் மருத்துவரைக் கேட்டுத்தான். உங்கள் ரத்தக் கொதிப்பு மருத்துவரிடம் நான்கு மாதக் கதையைச் சொல்லி, ரத்த அழுத்தமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவும் பார்த்துக்கொள்ளுங்கள். மாடிப்படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ இடது தாடை வலித்து, நின்றால் குறைகிறதா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதில் அந்த அறிகுறி இல்லை. ஆனாலும் கொதிப்பு உள்ளவரின் இடது தாடை வலி என்றால் இதயத்தைப் பற்றிக் கேட்காமல் விடக் கூடாது. வேர்வையும் நெஞ்சு அழுத்தமும் சேர்ந்து வந்தால் அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆன்டிபயாடிக் ஏன் கேட்கவில்லை என்பது எளிது. மருந்து ரத்தத்தில்தான் ஓடுகிறது. வேர் சிகிச்சை செய்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. உள்ளே கிருமி இருந்தாலும் மாத்திரை அங்கே போய்ச் சேராது. வீக்கம், காய்ச்சல் என்று நோய் பல்லைத் தாண்டிப் பரவும்போதுதான் அதற்கு வேலை. மூன்றாவது முறை எழுதிக் கொடுத்தால் எதற்காக என்று கேளுங்கள். கிராம்புத் தைலமும் அப்படித்தான். உயிருள்ள பல்லின் குழியில் வைத்தால் கொஞ்சம் மரத்துப்போகும். நரம்பில்லாத பல்லில் அதற்கு மரக்கச்செய்ய எதுவும் இல்லை, ஈறைத்தான் புண்ணாக்கும். புகையிலையை அடக்கிக்கொள்ளும் யோசனையை யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொப்பளிப்பதில் தீமை இல்லை, ஈறு சுத்தமாக இருக்கும்.

தாடைக்கு அடியில் வீக்கம், வாய் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம், காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு இராசாசி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கீழுதடோ முகவாயோ மரத்துப்போனாலும் மறுநாளே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கீழ்த்தாடை நரம்பு அந்த வேர்களுக்கு அடியில்தான் ஓடுகிறது.

இரண்டு வாரம் ஒரு வேலை செய்யுங்கள். அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தினமும் இரண்டு வரி: எப்போது வலித்தது, என்ன செய்துகொண்டிருந்தபோது, எவ்வளவு நேரம், சூட்டாலா குளிரினாலா கடித்ததாலா. அன்று எத்தனை மணி நேரம் மிஷினில் உட்கார்ந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பக்கத்தை மருத்துவர் முன் வைத்தால், "வலிக்கிறது டாக்டர்" என்று வாயால் சொல்வதைவிடப் பத்து மடங்கு உதவும்.

தீபாவளிக்குள் பிடுங்கலாமா என்று கேட்டீர்கள். ஈறின் ஆழம் அளந்து, வேர் பிளந்திருப்பது உறுதியானால் தாராளமாகப் பிடுங்குங்கள். முதல் சில நாட்கள் வலி இருக்கும், ஒரு வாரத்தில் மிஷினில் உட்கார்ந்துவிடலாம். ஆனால் கடைசி வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், இப்போதே முடித்துவிடுங்கள். விட்டுப்போன கால்வாய்தான் காரணம் என்றால் மறுவேர் சிகிச்சை. அது இரண்டு மூன்று முறை வர வேண்டிய வேலை, முதல் சிகிச்சையைவிடச் சற்றுக் கடினமானது, ஆனாலும் பெரும்பாலும் பலன் தருகிறது. நிரந்தர அடைப்பு போட்டுக்கொண்டால், மறுவேர் சிகிச்சையைத் தீபாவளிக்குப் பிறகு வைத்துக்கொண்டாலும் பொதுவாகத் தவறில்லை. காரணம் எதுவும் உறுதியாகாவிட்டால் பிடுங்க வேண்டாம். நாத்தனார் வற்புறுத்தினால் மருத்துவர் காத்திருக்கச் சொன்னார் என்று என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள்.